வட்டாரத்தின் வரவு எங்கிருந்து வருகிறது?

வாசகர் கேள்வி – பதில்

காரைக்குடி மாநகராட்சியானதை ஒட்டி, செட்டிநாட்டு வட்டாரத்தின் பொருளாதாரத்தை எப்படி ஆராய்வது, எப்படித் திட்டமிடுவது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இவ்விதழில் பதில் தருகிறோம். கேட்டவர்களின் பெயர்களை விடுத்து, தொழிலையும் ஊரையும் மட்டும் குறித்திருக்கிறோம்.

கேள்வி: ஐயா, 2024 ஆகஸ்டு முதல் காரைக்குடி மாநகராட்சியாகிவிட்டது. கோட்டையூரும் கண்டனூரும் அதில் சேர்ந்துவிட்டன. சென்னைக்கு இருப்பதுபோல நமக்கும் பெருநகரத் திட்டக் குழு ஒன்று அமைந்து, வட்டாரத்தின் பொருளாதாரத்துக்குத் திட்டம் வகுப்பார்களா?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், காரைக்குடி

பதில்: மாநகராட்சி வேறு, சட்டம் சொல்லும் பெருநகரப் பகுதி வேறு. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 74-ஆவது திருத்தம், பத்து லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்ட பகுதியைத்தான் பெருநகரப் பகுதி என்கிறது. அத்தகைய பகுதிக்குத்தான் 243 இசட்.இ. பிரிவின்படி பெருநகரத் திட்டக் குழு அமைய வேண்டும். 2011 கணக்கெடுப்பில் காரைக்குடி நகராட்சியின் மக்கள்தொகை 1,06,714. சிவகங்கை மாவட்டம் முழுவதற்குமே 13,39,101. இணைந்த ஊர்களையும் கூட்டினாலும் நாம் பத்து லட்சத்துக்கு வெகு தொலைவில் இருக்கிறோம். நமக்கு உரியது 243 இசட்.டி. பிரிவு சொல்லும் மாவட்டத் திட்டக் குழு. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்கள் உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும்.

இதில் நமக்கென்று ஒரு சங்கடம் உண்டு. பெருநகரப் பகுதி ஒன்றுக்கு மேற்பட்ட மாவட்டங்களில் பரவியிருக்கலாம் என்று அதே சட்டம் இடம் தருகிறது. மாவட்டத் திட்டக் குழுவோ மாவட்ட எல்லையைத் தாண்ட முடியாது. செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி, தேவகோட்டை ஆகியவை சிவகங்கை மாவட்டத்தில்; கோனாபட்டு, இராயவரம், அரிமளம் ஆகியவை புதுக்கோட்டை மாவட்டத்தில். இராயவரத்துப் பிள்ளை காரைக்குடியில் படிப்பதும், அரிமளத்துக்காரர் துணியும் நகையும் வாங்க இங்கே வருவதும் அன்றாடம் நடப்பவை. ஆயினும் காரைக்குடிக்காகத் தீட்டப்படும் எந்தத் திட்டத்திலும் அந்த ஊர்கள் வெளியூர்களாகவே இருக்கும்.

அமெரிக்காவில் இதை வேறு விதமாகப் பார்க்கிறார்கள். ஐம்பதாயிரம் பேருக்குக் குறையாத நகர்ப்பகுதி ஒன்றை நடுவாக வைத்து, சுற்றியுள்ள மாவட்டங்களில் வேலை செய்வோரில் 25 விழுக்காட்டினர் அந்த நடுப்பகுதிக்கு வேலைக்குப் போய்வந்தால், அவற்றையும் அதே பெருநகர வட்டாரத்தில் சேர்த்துப் புள்ளிவிவரம் வெளியிடுகிறார்கள். எல்லையைத் தீர்மானிப்பது நிர்வாக வரைபடம் அன்று, காலையில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் போகும் திசை. நம்முடைய 2011 கணக்கெடுப்பில், வேலைக்குப் போகிறவர்களிடம் எவ்வளவு தூரம் போகிறீர்கள், எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் செட்டிநாட்டின் உண்மையான எல்லை எங்கே முடிகிறது என்று இன்று சொல்லியிருக்கலாம்.

சென்னையைப் பற்றியும் ஒரு சொல். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் முழுமைத் திட்டங்கள் அடிப்படையில் நிலப் பயன்பாட்டு ஆவணங்கள். எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் ஆலை, எத்தனை மாடி என்று அவை விதிக்கின்றன. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த அதன் எல்லையை 2022-இல் 5,904 ஆக விரித்தபோதும் அந்த இயல்பு மாறிவிடவில்லை. வட்டாரத்தின் வருமானத்தையும் வேலையையும் நேரடியாகக் குறிவைக்கும் பொருளாதாரத் திட்டம் என்பது நம் நாட்டில் புதிய பழக்கம். மும்பைப் பெருநகர வட்டாரத்துக்கு 2024-இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை அந்த வகையைச் சேர்ந்தது. 14,000 கோடி டாலராக இருந்த வட்டார உற்பத்தியை 2030-க்குள் 30,000 கோடி டாலராக்குவது என்று அது இலக்கே வைத்தது. அந்த இலக்கு எட்டக்கூடியதா என்பது வேறு விவாதம். இலக்கு என்று ஒன்றை எழுதுவதற்கு முன்னால், இப்போது எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிட்டாக வேண்டியிருந்தது அல்லவா, நான் மதிப்பது அதைத்தான்.

கேள்வி: நாங்கள் தலைமுறையாகப் பூக்கல் என்னும் பூ வேலைத் தரைக்கல் போடுகிறோம். எங்கள் கல் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறது. ஆனால் தொழில் வளர்ச்சி என்று பேசுகிற கூட்டம் எதிலும் எங்கள் பெயரே வருவதில்லை. நாங்கள் கணக்கில் இல்லையா?
– கல் பட்டறை நடத்துபவர், ஆத்தங்குடி

பதில்: பெரும்பாலும் இல்லை என்பதே நேர்மையான பதில். ஆண்டுதோறும் வரும் தொழிற்சாலைப் புள்ளிவிவரம், தொழிற்சாலைச் சட்டத்தில் பதிவானவற்றை அடிப்படையாகக் கொண்டது; மின்விசை இருந்தால் பத்துத் தொழிலாளர், இல்லையென்றால் இருபது தொழிலாளர் என்பது அதன் பழைய வரம்பு. கண்ணாடியை மேசையில் கிடத்தி, சட்டகத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சைக் கலங்காமல் தூக்கி, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு சாந்தை நிரப்பி மட்டம் தட்டும் உங்கள் வேலைக்கு மின்விசையே வேண்டாம்; கை ஓட்டம்தான் வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் காய்ந்த கல்லிலிருந்து கண்ணாடி கழன்று வரும்போது தெரியும் பளபளப்பு பாலிஷ் இயந்திரம் தந்ததன்று. இப்படி நாலைந்து பேர் செய்யும் பட்டறை அந்த வரம்புக்குள் வராது. சிறு பட்டறைகளையும் சேர்த்து எண்ணும் பொருளாதாரக் கணக்கெடுப்பு 1977-இல் தொடங்கி விட்டுவிட்டுத்தான் நடந்திருக்கிறது. ஆறாவது கணக்கெடுப்பு 2013-14-இல் முடிந்தது, அடுத்தது 2019-இல் தொடங்கியது.

உங்கள் பட்டறை ஏன் முக்கியம் என்பதை வட்டாரப் பொருளாதார ஆய்வாளர்கள் ஓர் எளிய வகுத்தலால் காட்டுவார்கள். விளக்கத்துக்காக ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் வேலை செய்யும் ஆயிரம் பேரில் இருவர் தரைக்கல் தொழிலில் இருக்கிறார்கள், நம் வட்டாரத்திலோ ஆயிரத்துக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்றால், பத்தை இரண்டால் வகுத்து ஐந்து என்ற விகிதம் கிடைக்கும். லொகேஷன் கோஷன்ட் என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். விகிதம் ஒன்றை ஒட்டி இருந்தால், ஊர் தன் தேவைக்குச் செய்துகொள்கிறது என்று கொள்ளலாம். முடிதிருத்தகமும் மளிகைக் கடையும் அப்படி. ஒன்றைவிட நன்றாக மேலே போனால், இவ்வூரார் இத்தனை கல்லையும் தம் வீட்டுத் தரையில் பதித்துக்கொள்ள முடியாது. ஆகவே பொருள் வெளியே போகிறது, பணம் உள்ளே வருகிறது. புதுவயல் அரிசி ஆலைகளுக்கும் இதே கணக்குப் பொருந்தும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலைக்கும், அதற்கு முன்பே பெற்ற பனையோலைக் கொட்டானுக்கும் போட்டுப் பார்க்கலாம்.

உள்ளே வந்த பணம் எத்தனை கை மாறுகிறது என்பது அடுத்த கேள்வி. சென்னைக்காரர் கொடுத்த நூறு ரூபாயில் சிமெண்டுக்கும் வண்ணப் பொடிக்கும் கண்ணாடிக்கும் உரிய பங்கு உடனே வெளியூருக்குத் திரும்பிவிடுகிறது. மணலுக்கும் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் போன பங்கு இங்கேயே தங்கி, டீக்கடைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வீட்டு வாடகைக்கும் போகிறது. கைவேலை மிகுந்த தொழிலில் கூலிப் பங்கு அதிகம் என்பதால் ஊரில் தங்கும் பணமும் அதிகம். இதே நூறு ரூபாய் பெரும் நிறுவனத்தின் கிளைக் கடையில் விற்பனையானால், விற்பனையாளரின் சம்பளமும் கட்டட வாடகையும் போக மீதி அன்றிரவே தலைமை அலுவலகக் கணக்குக்குப் போய்விடும். விற்றுமுதலை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். திட்டமிடுகிறவர் அப்படிப் பார்க்கக் கூடாது.

உங்கள் பட்டறைகள் சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் இணையப் பதிவில் பெயரைச் சேர்த்துக்கொண்டால், குறைந்தபட்சம் ஓர் அரசுப் பட்டியலிலாவது இடம் கிடைக்கும். இது பெரிய தீர்வு என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஒரு வட்டாரத்தின் பொருளாதாரம் நலமாக இருக்கிறதா என்று எந்த ஓர் எண்ணைப் பார்த்துச் சொல்லலாம்? ஆய்வேட்டுக்காகக் கேட்கிறேன்.
– முதுகலைப் பொருளியல் மாணவி, அழகப்பா பல்கலைக்கழகம்

பதில்: ஓர் எண்ணைத் தேடுவதை முதலில் விட்டுவிடுங்கள். மாவட்ட உள்நாட்டு உற்பத்தியைத் தலைக்கு வகுத்துப் பார்ப்பது வழக்கம். ஆனால் அது மாவட்டத்துக்குள் உற்பத்தியானதின் மதிப்பு. சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பும் பணம் அதில் வராது. ஆகவே நம்மைப் போன்ற வட்டாரம் அந்த அட்டவணையில் ஏழையாகத் தெரியும். நகைக்கடை வீதியில் நின்று பார்த்தால் செல்வந்தனாகத் தெரியும். இரண்டுமே உண்மைதான். அந்த இடைவெளியே உங்கள் ஆய்வுக்குப் பொருளாகலாம்.

வங்கிகளின் வைப்புத்தொகையையும் கடனையும் மாவட்ட வாரியாக ரிசர்வ் வங்கி காலாண்டுதோறும் வெளியிடுகிறது. வைப்பு மிகுந்து கடன் குறைந்திருந்தால் ஊரின் சேமிப்பு வேறு ஊரின் தொழிலுக்குப் போகிறது என்பது பொதுவான விளக்கம். தமிழ்நாட்டில் இதைச் சற்று எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். இங்கே மாநில அளவில் கடன் வைப்பையே மிஞ்சி நிற்கிறது. ஆனால் அதில் நகைக்கடன் ஒரு பெரும் பகுதி. கல்யாணச் செலவுக்கு வைத்த வளையலும் பட்டறைக்கு இயந்திரம் வாங்க வைத்த வளையலும் ஒரே தலைப்பில் விழுகின்றன. மாவட்டக் கடன் திட்டத்தை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் அலுவலகத்தில் துறைவாரிக் கடன் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, வளர்ச்சியின் காரணத்தைப் பிரித்தறிய எட்கர் டன் 1960-இல் முறைப்படுத்திய ஷிஃப்ட்-ஷேர் பகுப்பாய்வு பயன்படும். ஒரு தொழிலில் வேலைவாய்ப்பு பத்து ஆண்டுகளில் 18 விழுக்காடு கூடியது என்று வைத்துக்கொள்வோம். அதே காலத்தில் மாநிலத்தின் மொத்த வேலைவாய்ப்பு 12 விழுக்காடும், அந்தத் தொழில் மாநிலம் முழுவதிலும் 20 விழுக்காடும் கூடியிருந்தால், நம் 18-இல் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆற்று வெள்ளத்தோடு போன தெப்பம் சொந்தமாகத் துடுப்புப் போட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. 20-இல் 12 மாநிலத்தின் பொது வளர்ச்சி, 8 அந்தத் தொழிலின் கூடுதல் வளர்ச்சி; 18-இலிருந்து அவற்றைக் கழித்தால் நம் வட்டாரத்துக்கே உரிய பங்கு கழித்தல் இரண்டு. உள்ளூர் அரசியல்வாதிகளுக்கு இந்தக் கணக்கு பிடிக்காது. ஆய்வேட்டில் அவசியம் சேருங்கள்.

தரவின் வயதையும் கவனியுங்கள். 2011-க்குப் பிறகு அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்றே நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. அதுவரை பழைய விகிதங்களை நீட்டித்துத்தான் மதிப்பிட வேண்டும். ஊரில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் குடும்ப அட்டை எண்ணிக்கையும் ஓரளவு காட்டும். ஆனால் குடும்ப அட்டையில் பெயர் இருப்பவர் கோயம்புத்தூரில் வேலை பார்ப்பது இங்கே சாதாரணம்.

கேள்வி: எங்கள் ஆயா பர்மாப் பணத்தில் ஊரே செழித்ததாகச் சொல்வார்கள். அந்தச் செழிப்பு ஏன் நிலைக்கவில்லை? திட்டம் இல்லாததுதான் காரணமா?
– இல்லத்தரசி, தேவகோட்டை

பதில்: திட்டம் இல்லாமலில்லை, அம்மா. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கணக்கில் புலிகள். வட்டியும் தவணையும் அவர்களுக்குத் தெரியாததன்று. ஆனால் அது குடும்பத்தின் கணக்காகவும் நிறுவனத்தின் கணக்காகவும் இருந்தது, வட்டாரத்தின் கணக்காக இல்லை. 1929-30-இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கே செட்டியார்களின் முதலீட்டை 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. உலக மந்தத்தில் நெல்விலை விழுந்து, கடன் வாங்கிய உழவர்களின் நிலங்கள் ஈடாக வந்து சேர்ந்ததால், கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 விழுக்காடாக இருந்த அவர்களுடைய நிலப்பங்கு 1937-இல் 25 விழுக்காடாயிற்று. கைமாற்றக்கூடிய பணம் நகராத மண்ணாக மாறியது. அதே 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது என்பதிலிருந்தே, காரைக்குடியின் பொருளாதார வட்டாரம் அன்று எங்கே வரை நீண்டிருந்தது என்று தெரியும். 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு. 1948-இல் விடுதலை பெற்ற பர்மாவின் நில தேசியமயச் சட்டம். நிலம் போயிற்று.

வெளியிலிருந்து வந்த வரவு ஒரே தொழிலை நம்பியிருந்ததும், அது முளைத்த மண் இங்கே இல்லாததும் முதல் காரணம். வந்த பணம் இங்கே எதுவாக மாறியது என்பது இரண்டாவது. பெரும்பகுதி வீடாயிற்று, கோயில் திருப்பணியாயிற்று, கல்யாணச் சீராயிற்று. கல்லூரியாகவும் ஆலையாகவும் மாறியது குறைவு. அப்படி மாறியதற்கு நம் கண்முன் நிற்கும் எடுத்துக்காட்டு அழகப்பச் செட்டியார் 15 லட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக மைய அரசின் சம்பளம் மாதந்தோறும் இந்த ஊருக்குள் வந்துகொண்டிருப்பதற்கு அந்த 300 ஏக்கர் காரணம்.  ஆனாலும் ஆய்வகத்தில் பிறந்த நுட்பங்களை வைத்து இதே வட்டாரத்தில் எத்தனை தொழில்கள் எழுந்தன என்று யாராவது முறையாக எண்ணிப் பார்க்க வேண்டும். மின்கலமும் அரிப்புத் தடுப்பும் அங்கே ஆராயப்படுகின்றன. மின்கலத்துக்குப் பயன்படும் கிராஃபைட்டின் சுரங்கம் சிவகங்கை அருகிலேயே இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் ஐம்பது கிலோமீட்டர் சாலை இருந்தும் தொழில் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கேள்வி: பழைய வீட்டுத் தூண்களையும் கதவுகளையும் வாங்கி விற்கும் வியாபாரமும் ஏற்றுமதிதானே? அதுவும் வெளிப்பணம் கொண்டுவருகிறதே?
– மரச்சாமான் வியாபாரி, முனீஸ்வரன் கோவில் தெரு, காரைக்குடி

பதில்: பணம் வருகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு பர்மாத் தேக்குத் தூணை ஒரு முறைதான் விற்க முடியும். வருமானத்தையும் இருப்பைக் கரைப்பதையும் ஒரே கணக்கில் எழுதினால் ஐந்தொகை தப்பாகிவிடும் என்று நகரத்தார் கடையில் தொழில் பழகும் பெட்டியடிப் பையனுக்குக்கூடத் தெரியும். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. வீடுகள் நிற்கும் வரைதான் அந்தப் பட்டியலுக்குப் பொருள். நிற்க வைப்பதற்குத் தடை பணம் மட்டுமன்று. ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள். ஓடு மாற்றவும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். பங்குகளை ஒரு அறக்கட்டளையின் பெயரில் ஒப்படைத்துவிட்டு, முன்னோருக்குப் படையலிடும் படைப்பு வீட்டு உரிமையை மட்டும் தக்கவைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு வழக்கறிஞர்கள் மாதிரிப் பத்திரம் எழுதித் தந்தால், எந்தச் சுற்றுலா மானியத்தையும்விட அது அதிகம் பயன்படும்.

கேள்வி: காரைக்குடிக்கு நியோ டைடல் என்னும் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?
– பொறியியல் பட்டதாரி, பள்ளத்தூர்

பதில்: கட்டடம் சரிசெய்யாது, அதில் உட்கார வரும் நிறுவனம் யாரை வேலைக்கு எடுக்கிறது என்பதுதான் சரிசெய்யும். அதிகாலையில் பல்லவன் ரயிலில் ஏறிச் சென்னைக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்து இங்கேயே வாடகைக்கு வீடு பிடித்தால் நல்லது.

கேள்வி: எங்கள் வார்டு அளவில், பெரிய ஆய்வு நிறுவனத்துக்குப் பணம் கொடுக்காமல் நாங்களே செய்யக்கூடியது ஏதாவது உண்டா?
– மாமன்ற உறுப்பினர், காரைக்குடி

பதில்: உண்டு. ஆய்வறிக்கைக்கு வேண்டிய தரவில் பாதி உங்கள் அலுவலக அலமாரியிலேயே இருக்கிறது. தொழில் உரிமப் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு கடைக்கும் பட்டறைக்கும் எதிரே இரண்டே செய்திகளைக் கேட்டு எழுதுங்கள்: எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், வாங்குகிறவர்களில் வெளியூரார் எவ்வளவு. சொத்துவரிப் பதிவேட்டிலிருந்து பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் தெருவாரியாகப் பிரியுங்கள். மின்வாரியத்திடம் வணிக, தொழில் இணைப்புகளின் எண்ணிக்கையை ஐந்து ஆண்டுகளுக்குக் கேளுங்கள்.

அதன் பிறகு புதிய பேருந்து நிலையத்தில் கல்லூரி மாணவர்களை நிறுத்தி, காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை இறங்குகிறவர்களில் பத்துக்கு ஒருவரிடம் எங்கிருந்து, எதற்காக என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். வேலை நாளில் ஒரு முறையும், கோவிலூர், குன்றக்குடி விசேஷம் இல்லாத சந்தை நாளில் ஒரு முறையும் செய்தால், திருமயம், பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து வருகிறவர் எத்தனை விழுக்காடு என்று தெரிந்துவிடும். நகர் ஊரமைப்பு இயக்ககம் முழுமைத் திட்ட வரைவை வெளியிட்டு ஆட்சேபங்களும் யோசனைகளும் கேட்கும்போது, இந்தக் கணக்குகளின் முடிவை எழுத்துமூலமாகச் சமர்ப்பியுங்கள். மன்றத் தீர்மானமாக நிறைவேற்றி, புதுக்கோட்டை மாவட்டத் திட்டக் குழுவுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். ஒரே படிவத்தை ஆண்டுதோறும் அதே மாதத்தில், கேள்விகளை மாற்றாமல் பயன்படுத்துவது முக்கியம். கேள்வியை மாற்றினால் போன ஆண்டின் எண்ணோடு ஒப்பிட முடியாது.